ரிங் போகிறது, குரல் போகவில்லை

செருப்பை வெளியே விடு. பையும் அங்கேயே இருக்கட்டும். மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வா.

உங்கள் கம்பெனியில் ஆம்பிளை யாரும் இல்லையா? சரி, வந்தது வந்துவிட்டாய். இதற்கு முன்னால் வந்த தடியன்களும் ஒன்றும் கிழிக்கவில்லை. மாடியில் பெட்டியைத் திறப்பான், மூடுவான். "லைன் நல்லா இருக்கு சார்." கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவான். நீயும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாய் என்றால் இப்போதே போய்விடு.

பேர் என்ன? ரெஜினா. வீடு எங்கே? சாந்தி நகர். அது சரி, சொந்த ஊர் எது? அப்பா எந்தப் பக்கம்?

ம். சரி, சரி. முகத்தை ஏன் சுளிக்கிறாய், சும்மா கேட்டேன். தாகம் எடுத்தால் குழாய் வெளியே இருக்கிறது.

புகாரைக் கேட்டுக்கொள். நடுவில் பேசாதே. இந்தப் போனை எடுத்தால் ரிங் போகிறது. அந்தப் பக்கம் எடுக்கிறார்கள். டொக் என்று சத்தம் கேட்கிறது. நான் பேசுகிறேன். பதில் வரவில்லை. அவ்வளவுதான் புகார்.

அந்தப் பக்கம் யாரா? என் பெண்டாட்டி ஆவுடையம்மாள். அயர்லாந்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். அதெல்லாம் உனக்கு எதற்கு? லைனைப் பார்.

இரு. எந்த ஒயரையும் பிடுங்காதே. எது எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். இந்த வீட்டில் ஒரு கம்பி எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. நான் டெலிபோன் இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவன். பாளையங்கோட்டையில் பாதி வீட்டுக்கு மணி அடித்தது என் கையால்தான். நான் சைக்கிளில் வருவதைப் பார்த்தால் மஸ்தூர்கள் பீடியை அணைப்பார்கள். மஸ்தூர் என்றால் கேபிளுக்குப் பள்ளம் தோண்டுகிற ஆட்கள். மாடக்கண்ணு என்று ஒருவன் இருந்தான். நன்றாகத் தோண்டுவான். நிமிர்ந்து பேச மாட்டான். பள்ளத்துக்குள் நின்றுகொண்டே "ஐயா" என்பான்.

அவன் மகனைத்தான் என் மகள் கட்டிக்கொண்டாள்.

சங்கரவடிவு. என் அம்மா பேரை வைத்தேன். படிக்க வைத்தேன். வேலைக்கு அயர்லாந்து போனாள். அங்கே இவன் இருந்தானாம். ஜெயசிங். அவனும் ஏதோ படித்து, ஏதோ வேலைக்குப் போயிருக்கிறான். உலகத்தில் இத்தனை தேசம் இருக்க, மாடக்கண்ணு மகன் அங்கேயா போய் நிற்க வேண்டும்? கல்யாணம் முடிந்த பிறகு சொன்னாள். அன்றைக்கே வீட்டு லைனை வெட்டினேன். வேறு எவனையும் கூப்பிடவில்லை, நானே கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டினேன்.

ஆவுடைக்கு செல்போன் ஆகாது. கண்ணில் நீர் அழுத்தம். அந்தக் கண்ணாடிப் பலகையில் எதைத் தொடுகிறோம் என்று தெரியாது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

அப்புறம் இந்தப் பெட்டி கூரியரில் வந்தது. இதோ, ரூட்டர் பக்கத்தில் இருக்கிறதே, தீப்பெட்டிக் கட்டு மாதிரி, இதுதான். ஒரு பக்கம் ரூட்டர், அந்த இன்டர்நெட் லைனை நான் வெட்டவில்லை. இன்னொரு பக்கம் நம் பழைய போனைச் சொருகலாம். ரிசீவரை எடுத்தாலே நேராக வடிவு வீட்டுக்கு ரிங் போகும்படி அவன் அமைத்து அனுப்பியிருந்தான். நம்பர் போட வேண்டியதில்லை. குருட்டுக் கிழவிகூடப் பேசலாம்.

நான் தூக்கி எறிந்திருக்க வேண்டும். தொழில் புத்தி விடவில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை. உட்கார்ந்து படித்தேன். உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? தலையாட்டாதே. கேள்.

அந்தக் காலத்தில் ஒரு கால் என்றால் இங்கிருந்து அங்கே வரைக்கும் ஒரு பாதை. பேசி முடிக்கிற மட்டும் அது உனக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் உனக்குத்தான். இது அப்படியில்லை. இது கல்யாணத் தரகர் கதை. கரண்டு கொடுத்ததும் பெட்டி எங்கேயோ இருக்கிற ஒரு சர்வருக்குச் சொல்லி வைக்கும்: நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், யாராவது தேடினால் இந்த விலாசம். விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் மறந்துவிடும். வடிவு அங்கே கூப்பிட்டால் சர்வர் நம் கதவைத் தட்டும். இன்னார் அழைக்கிறார், சம்மதமா? மணி அடிக்கும். ரிசீவரை எடுத்தால் சம்மதம் என்று பதில் போகும். கூடவே இரண்டு பேரும் விலாசம் மாற்றிக்கொள்வார்கள். என்னோடு பேச வேண்டிய குரலை இந்த வாசலுக்கு அனுப்பு. உன் வாசல் எது? தாம்பூலம் மாற்றுகிற மாதிரி. அத்தோடு தரகர் வேலை முடிந்தது. குரல் அவர் வழியாகப் போகாது. அது தனியாக வேறு பாதையில் போகும்.

குரலைக் கீரை நறுக்குகிற மாதிரி நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் விலாசமும் வரிசை நம்பரும் எழுதி விட்டுவிடும். ஒன்று ஒரு கடல் வழியாகப் போகும், இன்னொன்று வேறு கடல் வழியாகப் போகும். அந்தப் பக்கம் வரிசைப்படுத்தி ஒட்டிக்கொள்ளும். பிந்தி வந்த துண்டைக் கீழே போட்டுவிடும். காத்திருக்காது. அது எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் பிடித்தது. எங்கள் காலத்தில் ஐப்பசி மழையில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் பக்கத்து வீட்டுப் பேச்சு நம் காதில் விழும். கிராஸ்டாக். டாக்டர் வீட்டில் மாமியார் மருமகள் சண்டையைத் தெருவே கேட்கும். இதில் அது கிடையாது. துண்டுக்குத் துண்டு விலாசம் இருக்கிறதே. அடுத்தவன் குரல் நம் காதுக்கு வரவே வராது. சுத்தமான வேலை.

சரி என்று மாட்டிக் கொடுத்தேன். உள்ளறையில் எனக்கும் ஒரு பாரலல், அதே லைனில் இன்னொரு போன், போட்டுக்கொண்டேன். பின்னே? என் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

ஆவுடையிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைத்தேன். "அவனை விட்டுட்டு வந்து என் கால்ல விழச் சொல்லு. அதுக்குத்தான் போன்." சொன்னாளா? ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. ரசத்துக்கு மிளகு எப்போது போட வேண்டும், அங்கே குளிருகிறதா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா. மாப்பிள்ளை! பாரலலில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் வடிவு முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். ஆவுடை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

மறுநாள் ரூட்டர் செட்டிங்குக்குள் போனேன். ஆயிரம் லைன் பார்த்தவனுக்கு ஒரு ரூட்டர் எம்மாத்திரம்? மொத்தமாக அடைக்கவில்லை. அது மடையன் செய்கிற வேலை. யோசித்துப் பார். ரிங் போகவில்லை என்றால் லைன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ரிங் போய், எடுத்து, பேசவில்லை என்றால்? ஆள்தான் மாறிவிட்டாள் என்று நினைப்பார்கள்.

தரகர் வழியைத் தொடாமல் விட்டுவிட்டேன். வரும் குரலுக்கு வாசலைத் திறந்தே வைத்தேன். போகும் குரலுக்கு மட்டும் அடைத்தேன். மணி அடிக்கும். வடிவு பேசுவது இங்கே கேட்கும். ஆவுடை பேசுவது ரூட்டரைத் தாண்டாது.

என்ன பார்க்கிறாய்? வேலையில் குறை இருந்தால் சொல். இல்லைதானே?

முதல் நாள் வடிவு "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. ஆவுடை என்னிடம் ஓடி வந்தாள். "என்னங்க, நான் பேசுதது அவளுக்குக் கேக்கலியாம்லா?"

"மாடக்கண்ணு மவன் அனுப்பின பெட்டி. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"என் சத்தம் என் காதுல கேக்கே. அவளுக்கு எப்படிக் கேக்காமப் போகும்?"

அது ரிசீவருக்குள்ளேயே திரும்புகிற சத்தம். அவரவர் குரல் அவரவர் காதில் கொஞ்சம் விழும்படி போனில் வைத்திருப்பார்கள். விளக்கினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ. அன்றிலிருந்து ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்துவாள். கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி. எதிர்வீட்டுக்காரன் வந்து என்ன விஷயம் என்று கேட்டான். காது மந்தம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வீட்டில் செல்போன் கேட்டாள். நம்பர் தெரிந்தால்தானே? எடுத்தால் போகிற போன், நம்பருக்கு எங்கே போவாள்? மாடக்கண்ணு வீட்டில் போய்க் கேட்டு வருகிறேன் என்றாள். "தாராளமாப் போ. அந்த வீட்டுப் படி ஏறினா இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றேன். போகவில்லை.

வடிவு பிடிவாதக்காரி. என் ரத்தம். பதில் வராவிட்டாலும் கூப்பிட்டாள். "அப்பா பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காகளா? சரிம்மா, நீ பேச வேண்டாம். நான் பேசுதேன், கேட்டுக்கோ" என்று தானாகப் பேசுவாள். பிள்ளை உதைக்கிறதாம். புளி சேரவில்லையாம். நான் உள்ளே பாரலலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது மன்னிப்புக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று. கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஆவுடை ரசத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். நான் கை கழுவாமலே உள்ளே போய்ப் பாரலலை எடுத்தேன். வடிவு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மாசம் ஆகவில்லை. ஏதோ சிக்கல்.

"அம்மா, நீ எடுத்துட்டேன்னு தெரியுது. பயமா இருக்கும்மா. உள்ள கூட்டிட்டுப் போகப்போறாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். ம்-னு மட்டும் சொல்லு."

ஆவுடை சொன்னாள். ம் என்றாள். ம்ம் என்றாள். அப்புறம் மாடு கத்துகிற மாதிரி ஒரே ம்-ஆகக் கத்தினாள். ரிசீவரை நெஞ்சில் அடித்தாள். எனக்கு ஒரு காதில் அவள் சத்தம், இன்னொரு காதில் வடிவு மூச்சு.

"சரிம்மா. வச்சிருதேன்" என்றாள் வடிவு.

அப்போது திறந்துவிட்டிருக்கலாமே என்று கேட்பாய். எச்சில் கையோடு ரூட்டருக்குள் போக முடியுமா? போனாலும் நடுப்பேச்சில் மாற்றினால் கால் கட் ஆகிவிடும். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அது புரியும்.

குழந்தை தங்கவில்லை. அந்தப் பயல் கூப்பிட்டுச் சொன்னான். "அத்தே, பிள்ளை போயிட்டு. வடிவுதான் உங்களுக்குச் சொல்லச் சொன்னா. நீங்க பதில் சொல்ல வேண்டாம்" என்று. அதற்கு நானா பொறுப்பு? ம் என்று சொல்லிப் பிள்ளை பிழைக்கிறதென்றால் ஆஸ்பத்திரி எதற்கு?

மணியடிப்பது நின்றுபோயிற்று. ஆவுடை மட்டும் தினமும் ரிசீவரை எடுப்பாள். ரிங் போகும். அங்கே எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் அவன் வந்தான். அயர்லாந்திலிருந்து நேராக வந்து என் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை, அந்த மட்டுக்கும் அப்பன் வளர்த்திருக்கிறான். நான் இங்கே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் நின்றபடியே செல்போனைக் காதில் வைத்தான். வீட்டுக்குள் மணி அடித்தது. ஆவுடை பாய்ந்து எடுத்துக் கத்தினாள். "வடிவு! ஏட்டி வடிவு! அம்மா பேசுதேன்!"

தெருவே கேட்டது. அவன் செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரும்ப வைத்தான். சன்னலைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு.

"அத்தே! சன்னல் வழியாக் கேக்கு! போன்லதான் கேக்கல!" என்று சத்தம் போட்டான். "நீங்க இவ்வளவு நாளும் பேசிட்டுத்தான் இருந்தீங்களா அத்தே? வடிவு நம்பவே இல்ல. பெட்டியில கோளாறா இருக்கும்னு நான் சொன்னேன். கோளாறுன்னா ரிங்கே வராதுல்லா, அம்மாதான் பேச மாட்டேங்கான்னு அழுதா. லைன்ல பழுது அத்தே. இந்த வீட்டு லைன்லதான் பழுது."

அதோடு அவன் போயிருந்தால் ஒன்றுமில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் என்ன சொன்னான் கேட்டாயா? என் வீட்டு லைனில் பழுது. மாடக்கண்ணு மகன் சொல்கிறான், எனக்கு. முப்பது வருஷ சர்வீஸில் எந்த ஆபீசரும் என் லைனில் பழுது என்று எழுதியதில்லை.

எழுந்து போனேன்.

"மாமா" என்றான்.

"எவனுக்குடா மாமா? பழுதா? என் லைனிலா? நான் அடைச்சு வச்சிருக்கேன். மணி வரும், குரல் வரும், போகாது. போகிற வாசலை மட்டும் தனியா அடைச்சிருக்கேன். இந்த வேலை உன் அப்பனுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா?"

 அவன் என்னைத் தாண்டிச் சன்னலைப் பார்த்தான். நான் திரும்பினேன். ஆவுடை சன்னலுக்குப் பின்னால் ரிசீவரோடு நின்றுகொண்டிருந்தாள்.

ரிசீவரை வைத்தாள். சரியாக, தாங்கியில் வைத்தாள். அதைச் சொல்ல வேண்டும், எறியவில்லை. வெளியே வந்தாள். காலில் செருப்பு இல்லை. தடவித் தடவிப் படி இறங்கினாள். அவன் கேட்டைத் திறந்து கையைப் பிடித்தான். "எங்கே போறே?" என்றேன். என்னைத் தாண்டிப் போனாள். நேராக மாடக்கண்ணு வீட்டுக்கு. பாஸ்போர்ட், விசா எல்லாம் வரும்வரை அங்கேதான் சோறு. பிறகு அயர்லாந்து.

நான் போய்க் கூப்பிடவில்லை. பசித்தால் வருவாள் என்று இருந்தேன். ஆனால் அடைத்த வாசலை அன்று சாயங்காலமே திறந்துவிட்டேன். நான் நியாயம் இல்லாதவன் இல்லை. அவளே போன பிறகு எதற்கு அடைப்பு?

பெட்டி அப்படியே கிடந்தது, வருஷக்கணக்கில். நான் தொடவில்லை. இப்போது வயிற்றில் ஒரு கட்டி என்கிறான் டாக்டர். அறுக்க வேண்டுமாம். கூட ஒரு ஆள் வேண்டுமாம், கையெழுத்துப் போட, கஞ்சி கொடுக்க. யாரைக் கூப்பிட? ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். ரிங் போனது. அந்தப் பயல் இணைப்பை இன்னும் நிறுத்தவில்லை, ஏன் என்று தெரியவில்லை. டொக். எடுத்தாகிவிட்டது. "ஆவுடை, எனக்கு ஆபரேஷன், புறப்பட்டு வா" என்றேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு மாசமாக இதே கதை. வருகிறவனெல்லாம் லைன் நல்லா இருக்கு என்கிறான். நல்லா இருந்தால் குரல் எங்கே போயிற்று?

என்ன, பார்த்தாயிற்றா? நீயும் அதையேதான் சொல்கிறாயா?

சரி. உன் கண் முன்னாலேயே பார்த்துவிடுவோம். அங்கே இப்போது காலை. எழுந்திருப்பாள். ரிசீவரை நீ எடு. நான் உள்ளே பாரலலில் இருக்கிறேன். ரிங் போகிறதா? டொக். கேட்டாயா? பேசு. கம்பெனியிலிருந்து என்று சொல்.

...

என்ன இது. வருகிறதே. ஆவுடைதான். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. "யாரும்மா பேசுதது?" என்றாள். "இந்த வெயில்ல வந்தியா? சாப்பிட்டியாம்மா?" என்று உன்னைக் கேட்டாள். முன்பின் தெரியாத உன்னை. "அவுக உனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாகளா?" என்றாள். நீ எதற்குக் "குடுத்தாங்கம்மா" என்று பொய் சொன்னாய்? உன்னை யார் சொல்லச் சொன்னது?

வைத்துவிடாதே. வந்துவிட்டேன், இப்படிக் கொடு.

ஆவுடை. நான்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறான். ... ஆவுடை. ... அந்தப் பெண்ணிடம் பேசினாயே, கேட்டேன். ... ஒன்றும் பேச வேண்டாம். ம் என்று மட்டும் சொல்.

...

பார். குரல் போய்விட்டது. நீயே காதில் வைத்துப் பார். லைன் கட் ஆகவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிறது, கேட்கிறதா? பாத்திரம் வைக்கிற சத்தம். வரும் வாசல் திறந்துதான் இருக்கிறது. அதோ, ஒரு குழந்தை. "ஆச்சி, யாரு ஆச்சி போன்ல?" என்கிறது. நம் பேச்சு. தெளிவாகக் கேட்கிறது.

அந்த வீட்டில் குழந்தை கிடையாது. இருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

கிராஸ்டாக்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? இதில் கிராஸ்டாக் வராது என்று எனக்குத் தெரியாதா? நான்தானே உனக்குச் சொன்னேன். வருகிறதே, என்ன செய்ய? எழுது. வேறு யாரோ வீட்டுக் குழந்தைச் சத்தம் லைனில் கேட்கிறது என்று எழுது. கொடு, கையெழுத்துப் போடுகிறேன்.

எழுது என்கிறேன்.